வீட்டில் பிசிபி செய்ய எந்த பிலிம்? இங்க்ஜெட் ஷீட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டிலேயே பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை செய்யக் கிளம்புகிறவர்கள் சென்னையில் முதலில் போய் நிற்பது ரிச்சி தெருவில்தான். செப்புத் தகடு, வேண்டாத செப்பைக் கரைக்கும் பெரிக் குளோரைடு, துளையிடும் பிட், புற ஊதா எல்இடி என்று ஒரு பையை அங்கேயே நிரப்பிவிடலாம். பட்டியலின் கடைசியில் ‘டிரான்ஸ்பரன்சி ஷீட்’ என்று ஒரு வரி இருக்கும். வீட்டுக்குப் போகிற வழியில் ஏதாவது ஸ்டேஷனரி கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அதை விட்டுவிடுவார்கள். முதல் பலகை பாழாகிறது என்றால், பெரும்பாலும் அந்தக் கடைசி வரியால்தான்.

கடையில் இதற்கு வழங்கும் பெயரான ‘ஓஎச்பி ஷீட்’ என்று மட்டும் கேட்டால் மூன்று வேறு பொருள்களில் ஏதோ ஒன்று கைக்கு வரும். ஒன்று, ஸ்பைரல் பைண்டிங் புத்தகத்தின் மேலட்டையாகப் போடும் பிவிசி ஷீட். இரண்டாவது, ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேசர் பிரிண்டருக்கும் உரிய பாலியெஸ்டர் ஷீட். மூன்றாவதுதான் இங்க்ஜெட்டுக்கென்று பூச்சு கொடுத்த பிலிம். மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். “எல்லா பிரிண்டரிலும் போகும் சார்” என்று கடைக்காரர் சொன்னால் அவரை நம்பவும் வேண்டாம், அவரோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். பிரிண்டருக்குள் நுழைந்து வெளியே வருவதைத்தான் அவர் சொல்கிறார். நமக்கு அது போதாது.

பிலிமின் வேலை என்ன?

செப்புத் தகட்டின் மேல் ஒளியுணர் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். அதன் மேல் சுற்றின் படத்தை அச்சிட்ட பிலிமை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, புற ஊதா வெளிச்சம் காட்டுகிறோம். கறுப்பு இருக்கிற இடத்தில் வெளிச்சம் தடைபடுகிறது. தெளிவாக இருக்கிற இடத்தில் இறங்குகிறது. இந்தப் படலமாக ஒட்டுவதற்கு ரோலாகக் கிடைக்கும் நீல நிற டிரை பிலிம் நெகட்டிவ் வகையைச் சேர்ந்தது. வெளிச்சம் பட்ட இடம் இறுகிக்கொள்ளும். படாத இடம் சலவைச் சோடாக் கரைசலில் கரைந்து போகும். லிட்டருக்குப் பத்து கிராம் அளவில் நீர்த்த கரைசலே அதற்குப் போதும். ஆகவே டிரை பிலிமுக்கு அச்சிடும்போது தடங்கள் (மின்சாரம் ஓடும் செப்புக் கோடுகள்) தெளிவாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் இருக்க வேண்டும். பாசிட்டிவ் பூச்சோடு வரும் பலகைக்கு இது அப்படியே தலைகீழ்: தடங்கள் கறுப்பு, மற்றவை தெளிவு.

அதாவது, நாம் அச்சிடுவது கண்ணால் பார்ப்பதற்கான படம் அல்ல. 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான வெளிச்சத்துக்கு நிழல் தருவதற்கான ஒரு தடுப்பு. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பிலிம் தேர்வில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். தெளிவு ஒரு பிரச்சினையே இல்லை. சாதாரணப் பாலியெஸ்டர் பிலிம் எதுவும் 320 நானோமீட்டருக்கு மேல் போதுமான வெளிச்சத்தை விடும். பார்க்க வேண்டியது, அந்த ஷீட் எவ்வளவு மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிலிமின் தெளிவான பகுதி 80 சதவீத வெளிச்சத்தை விடுகிறது, கறுப்புப் பகுதி 10 சதவீதத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது நல்ல கறுப்பாகவே தெரியும். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எட்டு மடங்குதான். தெளிவான பகுதிக்குக் கீழே படலம் முழுதாக இறுகும் வரை காத்திருந்தால், கறுப்புக்குக் கீழேயும் ஒரு மெல்லிய தோல் இறுகியிருக்கும். சோடாவில் எவ்வளவு அலசினாலும் அது போகாது. போகாத இடத்தில் செப்பும் கரையாது. இரண்டு தடங்களுக்கு இடையில் ஷார்ட் ஆன பலகை கையில் இருக்கும். நாமோ டெவலப்பரை, அதாவது அந்தச் சோடாக் கரைசலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கறுப்பு 1 சதவீதத்தை மட்டுமே விடுகிறது என்றால் வித்தியாசம் 80 மடங்கு. நேரத்தில் முன்னே பின்னே போனாலும் பலகை பிழைத்துக்கொள்ளும். இந்தத் தடுப்புத் திறனை அடர்த்தி என்று சொல்வார்கள். பத்தில் ஒரு பங்கு போனால் அடர்த்தி 1, நூறில் ஒரு பங்கு என்றால் 2, ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 3. வீட்டு வேலைக்கு 2 இருந்தால் சமாளிக்கலாம். 3 இருந்தால் நிம்மதி. இரண்டு அச்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் அடர்த்திகள் கூடும். 1 சதவீதத்தில் 1 சதவீதம் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தெளிவான பகுதியோ 80 சதவீதத்திலிருந்து 64 சதவீதத்துக்குத்தான் இறங்கும். சுமாரான பிலிமை வைத்துக்கொண்டு நல்ல பலகை எடுக்கிறவர்களின் இரகசியம் இதுதான். ஆனால் இரண்டு ஷீட்டுகளையும் இம்மியும் பிசகாமல் பொருத்த வேண்டும். மெல்லிய தடங்களில் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மேலே இருக்கிற ஷீட்டின் மை தகட்டிலிருந்து தள்ளி நிற்பதால் ஓரங்களும் சற்று மங்கும்.

பூச்சுதான் பிலிம்

இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீர். வெறும் பாலியெஸ்டர் ஷீட்டில் அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். லேசருக்கு உரிய ஷீட்டை இங்க்ஜெட்டில் போட்டால் நடப்பது இதுதான். அச்சு முடிந்து வெளியே வரும்போது ஏதோ வரைபடம் மாதிரி இருக்கும். ஐந்து நிமிடத்தில் மைத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தீவுகளாகிவிடும். விரல் பட்டால் எல்லாம் இழுவிக்கொண்டு வரும். அதனால்தான் இங்க்ஜெட் பிலிமின் ஒரு பக்கத்தில் மையை உறிஞ்சும் பூச்சு கொடுக்கிறார்கள். நாம் காசு கொடுப்பது பிளாஸ்டிக்குக்கு அல்ல, அந்தப் பூச்சுக்கு. சாதாரண ஓஎச்பி ஷீட்டைவிட இது பல மடங்கு விலை வைத்திருப்பதற்கும் அதுவே காரணம்.

தலைகீழாகச் செய்யும் தவறு இன்னும் மோசம். வீட்டில் பிரிண்டர் இல்லையென்று இங்க்ஜெட் பிலிமை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். லேசர் மெஷினுக்குள் டோனரை உருக்கி ஒட்டும் உருளை 180, 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். இங்க்ஜெட் பூச்சு அந்தச் சூட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. உருகி உருளையில் அப்பிக்கொள்ளும். ஸ்பைரல் பைண்டிங் பிவிசி ஷீட்டும் அப்படியே. அது 80 டிகிரியைச் சுற்றியே இளகத் தொடங்கிவிடும். பிலிமின் விலையோடு மெஷினின் பழுதுச் செலவும் உங்கள் தலையில் வந்து விழும்.

பூச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஜெலட்டின் போன்ற பொருளால் ஆனது. மையை உள்ளே வாங்கி ஊதி, பிறகு மெதுவாகக் காயும். பார்க்கக் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். மற்றது, சிலிக்கா அல்லது அலுமினா போன்றவற்றின் மிக நுண்ணிய துகள்களால் ஆனது. துகள்களுக்கு இடையிலான நுண்துளைகளில் மை உடனே இறங்கிவிடும். இந்த ஷீட் லேசாகப் பால் கலந்தது மாதிரி மங்கலாக இருக்கும். மங்கலைப் பார்த்ததும் மட்டமான சரக்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், சென்னையில் இருக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்த மங்கல் ஷீட்டை வாங்கலாம்.

காரணம் நம் ஊர்க் காற்று. கடலோரம், காலை நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடுவது இங்கே சாதாரணம். ஜெலட்டின் வகைப் பூச்சு மையிலிருந்து மட்டுமல்ல, காற்றிலிருந்தும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் அதில் அச்சிட்டால், மறுநாள் காலையிலும் விரலில் பிசுபிசுக்கும். அப்படியே தகட்டின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தினால் பிலிம் படலத்தோடு ஒட்டிக்கொள்ளும்; பிரிக்கும்போது மையில் பாதி தகட்டில் தங்கும். நுண்துளைப் பூச்சில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சில நிமிடத்தில் தொட்டால் கையில் ஒட்டாது. இருந்தாலும் அரை மணி நேரமாவது மின்விசிறிக்கு அடியில் விட்டுவைப்பது நல்லது.

கடையில் கேட்க வேண்டிய பெயரும் வேறு. ‘ஓஎச்பி ஷீட்’ என்று கேட்காமல், ‘ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கான வாட்டர்புரூப் இங்க்ஜெட் பிலிம்’ என்று கேளுங்கள். டி-சர்ட்டிலும் துணிப்பையிலும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவர்களுக்கும் நமக்கும் தேவை ஒன்றே: புற ஊதாவைத் தடுக்கும் கறுப்பு. அவர்கள் பயன்படுத்தும் பிலிம் பெரும்பாலும் நுண்துளை வகையாகவே இருக்கும். ஆகவே கணினி உதிரிபாகக் கடையைவிட ஸ்கிரீன் பிரிண்டிங் பொருள் விற்கும் கடைதான் சரியான இடம். காகிதத்துக்கும் அழைப்பிதழுக்கும் பேர்போன பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போய் விசாரிக்கத் தொடங்கலாம். பிக்டோரிக்கோ போன்ற வெளிநாட்டு பிலிம்களும் உண்டு. பழைய முறையில் கையால் பூச்சிட்ட தாளில் புகைப்படம் அச்சிடுகிறவர்கள் நெகட்டிவ் எடுக்க அதை விரும்புவார்கள். அருமையான பொருள்தான், ஆனால் ஒரு எல்இடி மினுக்கும் சுற்றுக்கு அது தேவையா என்பதை உங்கள் பணப்பை தீர்மானிக்கட்டும்.

தடிமனைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர் பிலிம் பெரும்பாலான வீட்டு பிரிண்டர்களில் போகும். அதைவிட மிகவும் தடித்தது சில பிரிண்டர்களின் உருளையில் வளைய மறுக்கலாம். மெல்லியது மை ஏறியதும் நெளியும்.

எந்தப் பக்கம் பூச்சு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாக ஈரப்படுத்தி ஷீட்டின் ஒரு மூலையை இரண்டு விரல்களுக்கும் நடுவில் பிடித்து விடுங்கள். பூச்சுள்ள பக்கம் விரலோடு ஒட்டி இழுக்கும். வெறும் பக்கம் வழுக்கிவிடும். அந்த மூலையை அதற்குமேல் பயன்படுத்தாதீர்கள். சில பிரிண்டர்கள் ஷீட் உள்ளே இருப்பதையே உணராமல் ‘காகிதம் இல்லை’ என்று அடம்பிடிக்கும்; ஒளியை வைத்துத் தாளை அறியும் உணரிக்குத் தெளிவான பிலிம் தெரியாது. பிலிமின் முன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டினால் சரியாகிவிடும். ஒரு பிசிறும் தூக்கிக்கொண்டு நிற்காமல் அழுத்தி ஒட்டுங்கள்.

மை கறுப்பா, உண்மையிலேயே கறுப்பா?

நல்ல பிலிம் வாங்கியும் பலகை சரியாக வராதபோது சந்தேகம் மையின் பக்கம் திரும்ப வேண்டும். இங்க்ஜெட் மையில் சாய மை, நிறமி மை என இரண்டு உண்டு. நிறமிக் கறுப்பு என்பது கரித்துகள். அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் புற ஊதாவையும் சேர்த்தே தடுக்கும். சாயக் கறுப்பு நம் கண்ணை ஏமாற்றுவதற்காகக் கலக்கப்பட்டது. புற ஊதாவில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது மைக்கு மை மாறும். பல வீட்டு பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் நிறமி, மற்ற மூன்று வண்ணங்களும் சாயம்.

இங்கேதான் ஒரு வினோதம். பிரிண்டர் அமைப்பில் ‘போட்டோ பேப்பர்’ என்று தேர்ந்தெடுத்தால் அதிக மை இறங்கும் என்பது சரிதான். ஆனால் அந்தத் தேர்வில் பல பிரிண்டர்கள் நிறமிக் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மூன்று வண்ணங்களையும் கலந்து ஒரு கறுப்பை உண்டாக்குகின்றன. பார்க்கக் கன்னங்கரேல் என்று இருக்கும். புற ஊதா அதற்குள் எளிதாகப் புகுந்துவிடக்கூடும். ‘சாதாரண காகிதம்’ என்று கொடுத்தால் நிறமிக் கறுப்பு வரும், ஆனால் குறைவாக. ‘மேட் பேப்பர்’ என்ற தேர்வு சில பிரிண்டர்களில் இரண்டின் நல்ல குணத்தையும் கொடுக்கிறது. எது உங்கள் பிரிண்டருக்கு என்பதை ஊகிக்க முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். டார்ச்சின் முகப்பை மூடும் அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டத்தை ஒவ்வொரு காகிதத் தேர்விலும், தரத்தை உச்சத்தில் வைத்து, ஒரே ஷீட்டின் வெவ்வேறு இடங்களில் அச்சிடுங்கள். இருட்டறையில் அந்தக் கட்டத்தை டார்ச்சின் முகப்பில் பொத்தி, ஒரு சாண் தள்ளி வைத்த வெள்ளை பிரிண்டர் தாளின் மேல் அடியுங்கள். வெண்மைக்காகத் தாளில் சேர்க்கும் பொருள் புற ஊதா பட்டால் நீலமாக ஒளிரும். தாள் ஒளிர்ந்தால் கட்டத்தின் வழியாக வெளிச்சம் கசிகிறது. இருண்டு கிடந்தால் அந்த அமைப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்கு, பிலிமுக்குப் பதில் ஒரு அட்டையால் பொத்தியும் ஒருமுறை பாருங்கள். முழு இருட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். டார்ச்சை நேராகக் கண்ணால் பார்க்க வேண்டாம்.

கட்டத்தைத் தூக்கிப் பிடித்தால் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிகின்றனவா? அது பிலிமின் குற்றமல்ல; மை வரும் துளைகளில் ஏதோ அடைத்திருக்கிறது. சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள். டிரை பிலிமுக்கு அச்சிடும்போது கறுப்பு அதிகம் என்பதால் மையும் அதிகம் இறங்கும், ஷீட்டும் நனைந்து நெளியும். சுற்றில் காலியாகக் கிடக்கும் இடங்களைத் தரை இணைப்புச் (கிரவுண்டு) செப்பால் நிரப்பிவிட்டால் கறுப்பு குறையும். பலகைக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் விளிம்பு மட்டும் கறுப்பாக விட்டு, மீதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துக்கொள்ளலாம்.

மைப்பக்கம் கீழே

அச்சிட்ட பக்கம் படலத்தைத் தொட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மை மேல்பக்கம் இருந்தால் நிழலுக்கும் படலத்துக்கும் நடுவில் 0.1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் நிற்கிறது. 45 டிகிரி சாய்வில் வரும் வெளிச்சம் பிலிமுக்குள் வளைந்தாலும் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.1. தடங்களுக்கு நடுவே நீங்கள் விட்ட 0.25 மில்லிமீட்டர் இடைவெளி டிரை பிலிமில் 0.15 ஆகச் சுருங்கும். பிலிமை வெறுமனே திருப்பிப் போட்டிருந்தால் இந்த நஷ்டம் இல்லை.

திருப்பிப் போடுவதால் படம் இடவலமாக மாறுமே என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். கீகேட் போன்ற பிசிபி வடிவமைப்பு மென்பொருள்கள் பலகையை எப்போதும் மேலிருந்தே காட்டுகின்றன. ஆகவே கீழ்ப்பக்கச் செப்பைத் திருப்பாமல் அப்படியே அச்சிட வேண்டும். மேல்பக்கச் செப்பைக் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட வேண்டும். இதையும் நினைவில் வைக்க முடியவில்லை என்றால், செப்பு அடுக்கிலேயே உங்கள் பெயரின் முதல் எழுத்தை, பலகையில் நேராக வாசிக்கும்படி போட்டு வையுங்கள். மைப்பக்கம் கீழே இருக்கும்படி பிலிமைத் தகட்டில் வைத்துப் பார்க்கும்போது எழுத்து நேராகத் தெரிந்தால் எல்லாம் சரி.

அளவையும் ஒருமுறை பாருங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை அணைத்து, 100 சதவீதத்தில் அச்சிட்டு, ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். 40 கால் ஐசியில் ஒரு வரிசையின் முதல் காலிலிருந்து கடைசிக் கால் வரை 48.26 மில்லிமீட்டர். ஒரு சதவீதம் சுருங்கினாலே அரை மில்லிமீட்டர் பிசகிவிடும். கடைசிக் கால்கள் துளையில் இறங்காது. வெயிலில் பிலிம் விரியுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். பத்து சென்டிமீட்டர் பலகையில், பத்து டிகிரி சூட்டுக்கு அது 0.02 மில்லிமீட்டரைத் தாண்டாது. மறந்துவிடலாம்.

வெயிலைப் பற்றி ஒரு சொல். சூரிய வெளிச்சம் ஏறத்தாழ இணைகதிராக வருவதால் மொட்டை மாடி வெயிலில் ஓரங்கள் கூர்மையாக விழும், தகட்டை நேராகச் சூரியனைப் பார்க்கச் சாய்த்து வைத்தால். மேகம் வந்துபோகும் நாளில் மட்டும் நேரக் கணக்கு கைக்குச் சிக்காது. எல்இடி பெட்டியோ வெயிலோ, முதலில் ஒரு துண்டுத் தகட்டின் மேல் பிலிமை வைத்து, அட்டையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, வெவ்வேறு நேரம் காட்டிப் பாருங்கள். புதுக் கட்டு பிலிம் பிரிக்கும்போது இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கட்டு என்றதும், நூறு ஷீட் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். பிரித்த பெட்டி நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் பூச்சு முன்போல மை பிடிக்காது. பத்து ஷீட் போதும். ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, பூச்சுப் பக்கத்தில் கைரேகை படாமல் வைத்துக்கொள்ளுங்கள். 0.15 மில்லிமீட்டர் தடம் வேண்டும், அதுவும் தவறாமல் வேண்டும் என்கிற வேலை வந்தால் இங்க்ஜெட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து அச்சகங்களில், வெள்ளி உப்புப் பூச்சுள்ள பாசிட்டிவ் பிலிம் எடுக்கும் மெஷின் இன்னும் யாரிடமாவது இயங்குகிறதா என்று விசாரியுங்கள். கணினியிலிருந்து அச்சுத் தகட்டில் நேரடியாகப் பதிக்கும் முறை வந்த பிறகு அவை குறைந்துவிட்டன. கிடைத்தால், பிடிஎப் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். மைப்பக்கம் எது வர வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.